வேகம் இவர் கையில்

பெல்ட்டைக் கட்டியாகிவிட்டது. தோளுக்கு இரண்டு வார், இடுப்புக்கு இரண்டு, காலிடுக்கில் ஒன்று. அஞ்சும் வந்து சேருகிற வட்டக் கொக்கி சரியாக என் அடிவயிற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது, உலகத்தில் வேறு இடமே கிடைக்காத மாதிரி. கட்டிவிட்டது என் வீட்டுக்காரர்தான். ஒவ்வொரு வாராகச் சுண்டி இழுத்துப் பார்த்துவிட்டு, “டைட்டா இருக்கா ஹெப்சி?” என்றார். இருக்கு என்றேன். கொஞ்சம் தளர்த்துங்க என்று சொல்ல ஒரு நிமிஷம் இருந்தது. சொன்னால் ஏன் என்பார். ஏன் என்றால் சொல்ல வேண்டும். சொல்லக் கூடாது என்றுதானே இத்தனை நாளாகக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறேன். யோசித்து முடிப்பதற்குள் இவர் முன்னால் போய் உட்கார்ந்து, தன் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டு, தலைக்கு மேலே இருந்த கண்ணாடிக் கூரையை இழுத்து மூடிவிட்டார். ஃபிரிட்ஜ் கதவு சாத்துகிற மாதிரி ஒரு சத்தம். உள்ளே நாலு பேர். ஷார்ஜாவில் இந்தப் படகுகளைச் செய்கிற கம்பெனியில் இவர் விற்பனை மேலாளர். நான் அஜ்மானில் ஒரு பார்மசியில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். லீவு நாளில் நான் எதற்கு இங்கே என்றால், நான் சாட்சி. ரேஸுக்கு ஓட்டுகிற மாதிரிப் படகுதான், ஆனால் ஒரு குடும்பப் பெண் சோபாவில் உட்காருகிற மாதிரி இதில் உட்கார்ந்து வரலாம் என்பதற்கு உயிருள்ள சாட்சி. வாங்க வந்திருப்பவர் தனபால், கோயம்புத்தூரில் பம்பு கம்பெனி வைத்திருக்கிறார், துபாயிலும் வீடு. அவர் மனைவி வசுமதி என் பக்கத்து இருக்கையில். அந்த அம்மா கரையில் நிற்கும்போதே, “இது போட்டிக்கு ஓட்டறதாட்ட இருக்குதுங்களே, இதுல நாம எதுக்குங்க ஏறணும்” என்று பின்வாங்கினார். இவர் சிரித்துக்கொண்டே, “போட்டியில இருந்து வந்ததுதான் மேடம், ஆனா ஃபேமிலிக்காகச் செஞ்சது. என் ஒய்ஃபே வர்றாங்க பாருங்க” என்று என்னைக் காட்டினார். ஷோரூமில் நிற்க வைத்த பொம்மையைக் காட்டுகிற மாதிரி. நானும் பல்லைக் காட்டினேன்.

எப்போதும் வருவதுதான். மாதத்தில் ஒன்றிரண்டு தடவை வந்து உட்கார்ந்திருக்கிறேன். எப்போதும் கடலில் கட்டிய அலைத் தடுப்புச் சுவருக்கு உள்ளே, ஏரி மாதிரி கிடக்கிற தண்ணீரில் நாலு சுற்று, முடிந்தது, கரையில் ஜூஸ். இன்றைக்கும் அப்படித்தான் என்று நினைத்து வந்தேன். கடவுளே, அப்படித்தான் என்று நினைத்துத்தான் வந்தேன். உள்ளே இரண்டு சுற்று ஓடியதும் தனபால் சார் காதுக்குள் வந்து, “வெளிய போலாமுங்களா?” என்றார். காதுக்குள் என்றால் ஹெல்மெட்டுக்குள். நாலு ஹெல்மெட்டிலும் மைக், நாலும் எப்போதும் திறந்தே இருக்கும். ஒருத்தர் தொண்டையைச் செருமினால் நாலு பேருக்கும் கேட்கும். இவர், “தாராளமா சார்” என்றார். தாராளம். இவர் எதில்தான் தாராளம் இல்லை. இப்போது சுவரின் வாயைத் தாண்டிக்கொண்டிருக்கிறோம், தண்ணீரின் நிறம் மாறுகிறது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்கள் வரிசையாகத் தெரிகின்றன. இவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்கு மனப்பாடம். இரண்டு ஒல்லிப் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் சுரங்கம் மாதிரி இடம் விட்டிருக்கிறது சார், வேகம் எடுத்தால் காற்று அந்தச் சுரங்கத்துக்குள் புகுந்து படகையே தூக்கிவிடும், அப்புறம் தண்ணீரை நாம் தொட்டும் தொடாமலும் போவோம் சார். அடுத்தது கட்டுமர வசனம். இதோ. “கட்டுமரம்ங்கிற நம்ம சொல்லைத்தான் சார் உலகமே கேட்டமரான்னு வச்சிருக்கு.” இந்த வசனம் இல்லாமல் ஒரு படகும் விற்றதில்லை. இவர் சாயர்புரத்துக்காரர், நான் அதற்குப் பக்கம், இரண்டு பேரும் செம்மண்ணில் பிறந்தவர்கள், கட்டுமரத்தில் கால் வைத்ததில்லை. அடுத்தது இரண்டு பேர் ஓட்டுகிற கதை. போட்டிப் படகில் ஒருத்தர் சக்கரத்தைப் பிடிப்பார், இன்னொருத்தர் வேகத்தைப் பிடிப்பார். சக்கரம் பிடிக்கிறவருக்கு வேகத்தில் கை கிடையாது, வேகம் வைத்திருக்கிறவருக்குத் திசையில் கை கிடையாது. அந்த வழக்கத்தை இந்தப் படகிலும் அப்படியே வைத்திருக்கிறோம் சார். அதனால் சக்கரம் தனபால் சாரிடம் இருக்கிறது. வேகம் இவரிடம். இரண்டு நெம்புகோல், இவர் வலது உள்ளங்கை அவற்றின் மேல் பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி கிடக்கிறது. இந்தப் படகில் வேகத்தைக் குறைக்கக் கூடியவர் ஒரே ஒருத்தர். அவருக்கு ஒன்றும் தெரியாது.

தெரியாதது யார் குற்றம். என் குற்றம்தான், வேறு யார். இல்லை, ஏன் என் குற்றம்? முதல் தடவை நான் சொன்னேனே. கோடு இரண்டாக வந்த அன்று காலையே, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்று சொன்னேனே. நுரையோடு கட்டிப்பிடித்தார். இரண்டு பேருக்குள் வைத்துக்கொள்ளலாம், மூன்று மாசம் போகட்டும் என்று அத்தனை சொல்லியும், அந்த வாரம் ஆராதனையில் சாட்சி நேரம் வந்ததும் பக்கத்தில் இருந்த இவர் எழுந்து நின்றுவிட்டார். நான் இவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தேன். இவர் மைக்கை வாங்கிவிட்டார். கர்த்தர் எங்கள் வீட்டில் ஒரு அற்புதம் செய்திருக்கிறார் என்றார். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொல்லிக் கைதட்டியது. ஒரு கவரில் காணிக்கையும் போட்டார், மேலே எங்கள் இரண்டு பேர் பெயரும் எழுதி. சாயர்புரத்தில் மாமியார் தெருவுக்கே கேசரி கொடுத்தார். அடுத்த வாரம் எல்லாம் போயிற்று. போன பிறகு சாட்சி சொன்ன இவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்கள். நீ என்னம்மா பண்ணினே. மாடிப்படி ஏறினியா. பார்மசியில பெட்டி தூக்கினியா. பப்பாளி தின்னியா. தலைக்குக் குளிச்சியா. ஒரு அக்கா சபை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “விசுவாசக் குறைவா இருக்குமோ, பாத்துக்க” என்றார். அந்தக் கையை நான் அன்றைக்கே உதறியிருக்க வேண்டும். இரண்டாவது தடவை இவர் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம் மட்டும். அம்மா என்றால் ஊர். அது போனபோது மாமியார் ஃபோனில், “அவ லீவுக்கு இங்க வந்தப்ப ஸ்கூட்டர் ஓட்டிட்டுப் போனாளாமே” என்று கேட்டது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. இவர் ஆமாம் என்றார். ஓட்டினேன், ஆமாம். ஆமாம் என்பதற்கு மேலே ஒரு வார்த்தை இருந்திருக்கலாம் இல்லையா. ஓட்டினா என்னம்மா என்று. இல்லை. ஆமாம்மா, அவ்வளவுதான். டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார், காரணம் தேடாதீங்க, நீங்க செஞ்ச எதனாலும் இல்லைன்னு. இவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத் தலையை ஆட்டினார். ஆட்டிய தலைதான் ஆமாம் என்றும் சொன்னது.

அதனால்தான் இந்தத் தடவை யாருக்கும் இல்லை. இவருக்கும் இல்லை. தனியாகப் போய்ப் பார்த்தேன். டாக்டர் இந்தத் தடவை ஒன்றே ஒன்று சொன்னார், ரொம்பக் குலுங்குற மாதிரி எதுவும் வேண்டாம்மா, முன்னெச்சரிக்கைக்குத்தான். முன்னெச்சரிக்கை. நான் இப்போது எச்சரிக்கையோடு ஐந்து வாரால் கட்டப்பட்டு நூறு மைல் வேகம் போகிற படகில் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் நூறு இல்லை. முன்னால் இருக்கிற திரையில் எண் ஏறிக்கொண்டே இருக்கிறது, எழுபது, எழுபத்திரண்டு. சத்தியமாக இந்த வேகத்தில் பெரிதாகக் குலுக்கல் இல்லை. இவர் பொய் சொல்லவில்லை, காற்று தூக்கிக்கொள்கிறது. ரோட்டில் தார் போட்ட புதிதில் கார் போகிற மாதிரி ஒரு வழவழப்பு. பயம் குலுக்கலில் இல்லை, குலுக்கல் எப்போது வரும் என்பதில் இருக்கிறது. வழவழப்பு, வழவழப்பு, வழவழப்பு, பிறகு ஒரு கப்பல் போட்டுவிட்டுப் போன அலை, படகு தண்ணீரை விட்டு எழும்புகிறது, எஞ்சின் சத்தம் கீச்சென்று ஏறுகிறது, இவர் கை பட்டென்று நெம்புகோலைப் பின்னால் இழுக்கிறது, வயிறு எங்கேயோ மேலே நிற்கிறது, அப்புறம் தொப். பல்லும் பல்லும் மோதுகிறது. கொக்கி உள்ளே அழுந்துகிறது. இடது கையைக் கொக்கிக்கும் வயிற்றுக்கும் நடுவில் செருகி வைத்திருக்கிறேன். கை கட்டையா இரும்பா, எவ்வளவு தாங்கும். இருந்தாலும் கை இருக்கட்டும். இவர், “பாத்தீங்களா சார், எவ்வளவு சாஃப்ட் லேண்டிங்” என்கிறார். சாஃப்ட். எனக்கு ஒரு நொடி இவரை அப்படியே பின்னந்தலையில் ஒன்று வைக்கலாம் என்று தோன்றியது. கை எட்டாது. பெல்ட் அவ்வளவு நன்றாகக் கட்டியிருக்கிறார்.

“உங்களுக்குப் பயமா இல்லீங்களா?” வசுமதி. மைக்கில் கேட்கிறார், நாலு பேர் காதிலும். இரண்டு கையாலும் இருக்கையின் ஓரத்தைப் பிடித்திருக்கிறார், மோதிரம் போட்ட விரல்கள் வெளுத்துப் போயிருக்கின்றன. இருக்குங்க, எனக்கு உயிரே போகுது, இறங்கிடலாம் என்று சொல்ல வேண்டிய இடம் இதுதான். நான் சொன்னால் அந்த அம்மாவும் சொல்வார், இரண்டு பெண்களும் சொன்னால் படகு திரும்பும். முன்னால் இருக்கிற சின்னக் கண்ணாடியில் இவர் கண்கள் என்னைப் பார்க்கின்றன. சாட்சி நேரம். “பழகிடும்ங்க” என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவு இனிப்பாக இருந்தது. அந்த அம்மா, “அப்படீங்களா” என்று பாவம் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு பயத்தை நான் பொய் சொல்லி அடக்கிவிட்டேன், என்னுடையது இல்லை, அடுத்தவருடையது. “ஹெப்சி, ஓகேதானே?” கண்ணாடிக் கண்கள். என் வலது கை தானாக மேலே போகிறது. கட்டைவிரல். கம்பெனி வீடியோவுக்கும் போட்டோவுக்கும் இவர் நிறுத்தி நிறுத்தி எடுத்த கட்டைவிரல், நான் கேட்காமலே எழுந்து நிற்கிறது. படகில் கட்டைவிரல் மேலே போனால் நல்லாயிருக்கேன் என்று அர்த்தம் இல்லை. இன்னும் வேகம் என்று அர்த்தம். இவரே எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். இவர் கண்ணாடியில் சிரித்தார், பெருமையாக, என் பொண்டாட்டியைப் பாருங்கடா என்கிற மாதிரி, உள்ளங்கை முன்னால் தள்ளுகிறது, முதுகு இருக்கையில் ஒட்டுகிறது. எண்பத்தெட்டு. தொண்ணூறு. பாவி விரல். விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன். இனி எதற்கு மடக்கி.

சொல்லிவிடலாம். எப்படிச் சொல்வது. வார்த்தையே கிடைக்கவில்லை. மாசமா இருக்கேன், அது மாமியார் வார்த்தை. முழுகாம இருக்கேன், அது என் அம்மா வார்த்தை. கர்ப்பம் என்பது என் கவுண்ட்டரில் மருந்துச் சீட்டில் வருகிற வார்த்தை. எனக்கென்று ஒரு வார்த்தை இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேனோ என்னவோ. மைக் மட்டும் இல்லையென்றால், இவர் காதில் மட்டும், ஏங்க, கொஞ்சம் மெதுவா என்று. மெதுவா என்று மட்டும் சொல்லலாமே. சொன்னால் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார், அவ்வளவுதான் பயந்துட்டியா என்பார், சாருக்காக இன்னொரு சுற்று போவார். காரணம் இல்லாமல் நான் மெதுவா என்று சொல்லி என்றைக்கு யார் மெதுவாகப் போனார்கள். காரணம் சொன்னால் இந்த நாலு காது, நாளைக்குச் சாயர்புரம், ஞாயிற்றுக்கிழமை சபை, அதற்கப்புறம், அதற்கப்புறம் போய்விட்டால் மறுபடியும் அந்தக் கேள்வி. நீ என்னம்மா பண்ணினே. இந்தத் தடவை பதில் தயாராக இருக்கிறது பாருங்கள். ரேஸ் படகுல போனேன் அத்தை. ஸ்கூட்டர் எல்லாம் என்ன, சும்மா. அவர்கள் ஃபோனில் மூச்சு விடுகிற சத்தம்கூட எனக்கு இப்போது கேட்கிறது. வந்தது நான்தானே. வாயைத் திறக்காமல் ஏறி உட்கார்ந்தது நான்தானே. ஒருவேளை இந்தப் பயமே கெடுதலாக இருக்குமோ. ரத்தம் வேகமாக ஓடுகிறது, இதயம் இப்படி அடிக்கிறது, அதற்கும் கேட்குமா. அது இப்போது எவ்வளவு இருக்கும், ஒரு மொச்சைப் பயறு. மொச்சைப் பயறுக்கு ஏது காது. நான் நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தேன், பெயர் வைக்கக் கூடாது, பேசக் கூடாது, கை வைக்கக் கூடாது. கை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். தொப். இந்தத் தடவை இரண்டு பக்கமும் ஒன்றாக விழவில்லை. இடது பக்கம் முதலில், வலது பக்கம் பிறகு, உடம்பைப் பிழிகிற மாதிரி. அடிவயிற்றில் சுருக்கென்று ஒன்று. வார் அழுந்தியதா. இல்லை அது இல்லை. அதுவாகத்தான் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த வலியா இது. தெரிந்தது மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. வசுமதி என் இடது கையைப் பார்க்கிறார். கொக்கிக்குள் செருகியிருக்கிற கையை. பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். முன்னால் இன்னொரு அலை வெள்ளையாக வருகிறது, தனபால் சார், “புடிச்சுக்குங்க” என்று குஷியாகச் சொல்கிறார்.

“கிங்ஸ்லி, குறைங்க.” கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் இவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு.” கடைசியில் அந்த வார்த்தைதான் வந்தது, யாருடையது என்று தெரியாத வார்த்தை. இவர் கை உடனே இழுக்கவில்லை. சட்டென்று இழுத்தால் படகின் மூக்கு தண்ணீரில் குத்தும் என்று அந்தக் கைக்குத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக, கொதிக்கிற பாலை இறக்குகிற மாதிரி, எண்பது, அறுபது, நாற்பது. சத்தம் இறங்கியது. காற்று கீழே இருந்து கழன்றது. படகு தண்ணீரில் உட்கார்ந்தது. தனபால் சார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, “என்னாச்சுங்க, இஞ்சின்ல ஏதாவது கோளாறுங்களா?” என்றார். வசுமதி, “நீங்க சும்மா இருங்க. அந்தப் பொண்ணு மாசமா இருக்குது” என்றார். அவர் “ஐயோ” என்று சக்கரத்திலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். இவர் திரும்பிப் பார்க்கப் பார்த்தார். தோள் வார் விடவில்லை. கழுத்தை மட்டும் பாதி திருப்பி, முடியாமல், கண்ணாடிக்கே திரும்ப வந்தார். கண்ணாடியில் இவர் கண்கள் மட்டும்தான் தெரியும், வாய் தெரியாது. “எப்போ இருந்து?” என்றார். சொன்னேன். “என்கிட்டகூட...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் மைக் இல்லை, அன்றைக்கு ஃபோனில் சொன்ன ஆமாம்தான் என்று நினைக்கிறேன்.

குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மெதுவாகப் போனால்தான் இந்தப் படகு படகாகவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. காற்று தூக்காத இந்தச் சனியனை அலை கீழேயிருந்து அடிக்கிறது, நடுவில் இருக்கிற சுரங்கத்தின் கூரையில், எங்கள் காலுக்கு நேர் கீழே, தொம் தொம் என்று, நிற்காமல். வேகத்தில் எப்போதாவது வந்தது இப்போது எப்போதும் வருகிறது. அடிவயிற்றில் சுருக்கு இருக்கிறதா இல்லையா என்று கவனிக்கவே விடவில்லை. எழுந்து நிற்க முடியாது, படுக்க முடியாது, இறங்க முடியாது, எங்கே இறங்குவது, சுற்றிலும் தண்ணீர். “ஹெப்சி, கேக்குதா?” இவர் குரலில் விற்பனை இல்லை. “மெதுவாப் போனா இப்படியேதான் அடிக்கும். கரைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். வேகம் எடுத்தா தூக்கிக்கும், பத்து நிமிஷத்துல கொண்டு போயிடுவேன். ஆனா சுவர்கிட்ட அலை மோதித் திரும்பும், அங்க ரெண்டு மூணு அடி பலமா விழும், அதை என்னால தடுக்க முடியாது. எப்படிப் போகணும்?” என்னைக் கேட்கிறார். கேட்கக் கூடாதா, கேட்கிறதுதான் மரியாதை. ஆனால் எனக்கு ஆத்திரம் வந்தது. நான் வேகமா என்று சொல்லி அது போனால், நீதானே வேகமா போகச் சொன்னே. நான் மெதுவா என்று சொல்லி அது போனால், நீதானே மெதுவா போகச் சொன்னே. எதைச் சொன்னாலும் அந்தச் சபை வாசலில்தான் போய் நிற்பேன். “எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க” என்றேன். “எனக்கும் தெரியல” என்றார். இவர் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. தொம் தொம் என்று கீழே அடித்துக்கொண்டே இருந்தது. வசுமதி தன் கையை நீட்டி என் முழங்காலில் வைத்தார், அதற்கு மேல் அவருக்கு எட்டவில்லை.

இவர், “வேகமாப் போறேன்” என்றார். “சார், நீங்க அலைக்கு நேரா மட்டும் பிடிச்சுக்குங்க.” தனபால் சார், “சரிங்க, சரிங்க” என்றார். இவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை, முன்னால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார், யாரிடமோ கணக்கு ஒப்புவிக்கிற மாதிரி. “ஹெப்சி, வேகம் என் கையில இருக்கு. உன் கையில ஒண்ணும் இல்ல. நாளைக்கு அம்மா கேட்டாலும், சபையில கேட்டாலும், யார் வந்து ஹெப்சி என்ன பண்ணினான்னு கேட்டாலும், பண்ணினது நான். ஸ்கூட்டர் கிடையாது, பப்பாளி கிடையாது. நான். நானே சொல்லுவேன்.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு வருஷமாக இந்த ஒரு வார்த்தையை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது, அதற்கும் முன்னால் கண்ணும் மூக்கும் ஒழுக ஆரம்பித்துவிட்டன, மூக்கைத் துடைக்கக் கை ஹெல்மெட்டுக்குள் போகவில்லை. அப்படியே அழுதேன், மூன்று பேர் காதுக்குள். இவர் காத்திருந்தார். உள்ளங்கை நெம்புகோலின் மேல் இருந்தது, நகரவில்லை.

“போங்க” என்றேன்.